சீடி ரைட்டர்: ஐடிஈ, சாட்டா, யூஎஸ்பி, ஸ்கசி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ட்ரைவர் தேவையா?

ஓலைச்சுவடி (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் நீண்ட காலமாகச் சேர்த்து வைத்திருந்த தேவார, திருவாசக ஓதல்களும் இலக்கியச் சொற்பொழிவுகளும் ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்டுவிட்டன. அவற்றைக் கேட்க விரும்புகின்றவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். அவர்களிடமுள்ள பிளேயர்களில் யூஎஸ்பி வசதி கிடையாது. எம்பி3 கோப்புகள் அடங்கிய இறுவட்டையும் (சீடியையும்) அவை ஏற்பதில்லை. கடைகளில் முன்பு விற்ற பாட்டு இறுவட்டுகளைப் போன்ற ஒலி இறுவட்டுகளை மட்டுமே வாசிக்கின்றன. ஆகவே இறுவட்டு எழுதும் வேலையை இன்னும் சில ஆண்டுகளுக்காவது ஒழுங்காகக் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது.

எங்களிடம் இருப்பவை, பலர் அன்பளிப்பாகத் தந்த நான்கு இறுவட்டு ரைட்டர்கள். ஒவ்வொன்றும் கணினியோடு வெவ்வேறு இடைமுகத்தால், அதாவது இணைப்பு முறையால், இணைகிறது. முதலாவது, விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பென்டியம் 4 கணினியில் பொருத்தப்பட்ட ஐடிஈ ரைட்டர். இது முன்பு விரைவாக எழுதியது. இப்போது ஓர் இறுவட்டை எழுதத் தொடங்கினால் சுட்டி கூடத் தத்தித் தத்தி நகர்கிறது, பாதி வட்டுகள் பழுதாகின்றன. இரண்டாவது, உபுண்டு (லினக்ஸ்) நிறுவிய கணினியில் உள்ள சாட்டா ரைட்டர். இணையத்தில் கிடைத்த ஒரு பழைய வழிகாட்டியின்படி ஐடிஈ-ஸ்கசி என்ற வரியைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்து, சீடிரெக்கோர்ட் என்ற எழுதும் நிரலுக்கு 0,0,0 என்ற முகவரியையும் கொடுத்தோம். ரைட்டர் அகப்படவில்லை என்றே பதில் வருகிறது. மூன்றாவது, மெல்லிய யூஎஸ்பி ரைட்டர். வட்டை நன்றாக வாசிக்கிறது, எழுதத் தொடங்கிச் சற்று நேரத்தில் கணினியின் பார்வையிலிருந்தே மறைந்து விடுகிறது. நான்காவது, மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து வந்த யமஹா சீடிஆர்100 என்ற ஸ்கசி ரைட்டர், அதற்குரிய அடாப்டெக் அட்டையுடன்.

கணினி திருத்தும் ஒரு கடையில் விசாரித்தபோது, ஒவ்வொரு மாதிரிக்கும் அதனதன் ட்ரைவரை (சாதனத்தோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் நிரலை) இணையத்தில் தேடி எடுத்து நிறுவ வேண்டும் என்றார்கள். தேடிப் பார்த்தால் சந்தேகத்துக்குரிய தளங்களே வருகின்றன. உண்மையில் இடைமுகத்துக்கு இடைமுகம் வேறு ட்ரைவர் தேவையா? இந்த நான்கில் எதை நம்பி வேலையைத் தொடரலாம்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

கருனிக்காரன் (தெகிவளை) எழுதியது:

வணக்கம் ஐயா. தயவுசெய்து அந்தத் தளங்களிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். உங்கள் முதல் மூன்று ரைட்டர்களுக்கும் அவற்றின் உற்பத்தியாளர் எழுதிய ட்ரைவர் என்று எதுவும் தேவையில்லை; நான்காவதன் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இதை விளங்கிக்கொள்ள இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரைட்டருக்கு என்ன கட்டளை கொடுக்கிறோம் என்பது ஒன்று. அந்தக் கட்டளை எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பது மற்றொன்று. லேசரின் வலுவைச் சரிபார், இந்தத் தடத்தை எழுது, வட்டை முடித்து வை என்பன போன்ற கட்டளைகள் எம்எம்சி என்ற பொதுத் தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த ரைட்டர்கள் ஏறத்தாழ அனைத்தும் அதையே பேசுகின்றன. அவை ஸ்கசி குடும்பத்துக் கட்டளைகள். ஐடிஈ ரைட்டர் அவற்றை ஏட்டாபி என்ற முறையில் பொதியாக்கி ஐடிஈ கேபிளின் வழியே பெறுகிறது. சாட்டாவில் அதே பொதி சாட்டா கேபிளில் போகிறது. யூஎஸ்பியிலும் ஃபயர்வயரிலும் அதே கட்டளை வேறோர் உறைக்குள் போகிறது. கடிதம் ஒன்றுதான், அதைக் கொண்டு செல்லும் தபாற்காரர்தான் மாறுகிறார். ஆகவே இயங்குதளத்துக்குத் தேவையானது தபாற்காரரை அறிந்த ட்ரைவர், அதாவது தாய்ப்பலகையிலுள்ள ஐடிஈ, சாட்டா, யூஎஸ்பி கட்டுப்படுத்திகளுக்குரிய ட்ரைவர். அதற்கு மேலே இறுவட்டுச் சாதனம் எதற்கும் பொதுவான ஒன்று. கடிதத்தை எழுதுவது எரிக்கும், அதாவது வட்டில் எழுதும், மென்பொருளின் வேலை.

உங்களிடமுள்ள வழிகாட்டி ஏன் உதவவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஜோர்க் ஷில்லிங் எழுதிய சீடிரெக்கோர்ட், கட்டளைகளை ஸ்கசி பொது இடைமுகத்தின் வழியாக அனுப்பவே வடிவமைக்கப்பட்டது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் 2.4 பதிப்புக் காலத்தில் ஐடிஈ சாதனங்கள் தனியொரு துணைமுறைமைக்குள் இருந்தன. அங்கிருந்த ஐடிஈ-சீடி என்ற ட்ரைவர் வட்டை வாசிக்கத் தெரிந்ததே தவிர, எழுதும் கட்டளைகளை அந்த ஸ்கசி இடைமுகத்தின் வழியாகப் பெற்று ரைட்டருக்குக் கடத்தத் தெரியாதது. அதனால்தான் ஐடிஈ ரைட்டரை ஒரு ஸ்கசி சாதனம் போலக் காட்டுவதற்கு ஐடிஈ-ஸ்கசி என்ற இடைத்தட்டு தேவைப்பட்டது. 0,0,0 என்பது அந்தக் காலத்து ஸ்கசி முகவரி முறை. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில், சாதனக் கோப்பு எனப்படும், சாதனத்தைக் குறிக்கும் கோப்பினூடாகவே கட்டளைப் பொதியை நேரடியாக அனுப்பும் வழி திறந்தது. பிறகு லிப்ஏட்டா என்ற ட்ரைவர் தொகுதி வந்தது. அது சாட்டாவையும், 2006இல் வெளியான 2.6.19 முதல் பழைய ஐடிஈயையும், ஸ்கசி அடுக்கின் கீழேயே கொண்டு வந்து சேர்த்தது. பழைய ஐடிஈ துணைமுறைமை 2021இல் வெளியான 5.14 கர்னலோடு முற்றாக நீக்கப்பட்டது. நீங்கள் சேர்த்த வரியைப் படித்துப் பொருள்கொள்ள இன்றைய கர்னலில் யாரும் இல்லை, அதை எடுத்துவிடலாம்.

இன்றைக்கு உபுண்டுவில் ஐடிஈயோ சாட்டாவோ யூஎஸ்பியோ எதை இணைத்தாலும், அது எஸ்ஆர்0 என்ற ஒரே பெயரிலான சாதனக் கோப்பாகத்தான் தோன்றும். மென்பொருளுக்கு முகவரியாக அந்தக் கோப்பின் முழுப் பாதையையே கொடுங்கள். அப்போதும் அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கு சீடிரொம் என்ற குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்களும் வேலை செய்ய வேண்டுமென்றால் கே3பி அல்லது பிரசேரோ என்ற எரிக்கும் மென்பொருள் போதும். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பது வோடிம் என்ற நிரல். உரிமம் பற்றிய பிணக்கால் 2006இல் டெபியன் சீடிரெக்கோர்டிலிருந்து பிரித்தெடுத்த கிளை அது. அடிப்படைப் பயன்பாட்டுக்கு இரண்டும் ஒன்று போலத்தான்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

விண்டோஸ் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் எக்ஸ்பி கணினியின் நோய் எனக்கு நன்கு அறிமுகமானது.

சுட்டி தத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ட்ரைவர் இல்லாததன் அடையாளம் அல்ல. இருக்கின்ற ட்ரைவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதன் அடையாளம். எக்ஸ்பியின் ஐடிஈ ட்ரைவர், ஒரு சாதனத்துடன் தரவு பரிமாறும்போது நேரம் கடந்த தவறுகளோ சரிபார்ப்புத் தவறுகளோ ஆறு சேர்ந்துவிட்டால், டிஎம்ஏ முறையை (செயலியைத் தொந்தரவு செய்யாமல் தரவை நினைவகத்தோடு நேரே பரிமாறும் முறையை) படிப்படியாகத் தாழ்த்தி, கடைசியில் பீஐஓ முறைக்கு இறக்கிவிடும். கீறல் விழுந்த ஒரு வட்டை வாசிக்க முயன்றாலே அந்தத் தவறுகள் சேர்ந்துவிடலாம். பீஐஓவில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் செயலியே தன் கையால் நகர்த்த வேண்டியிருப்பதால் கணினி முழுவதும் திணறும். இறுவட்டின் ஒரு மடங்கு வேகம் என்பது தரவுக்கு நொடிக்கு ஏறத்தாழ 150 கிலோபைட், ஒலிக்கு ஏறத்தாழ 176 கிலோபைட். ஒலி வட்டொன்றை 48 மடங்கில் எழுதும்போது நொடிக்கு 8 மெகாபைட்டுக்கும் மேலே தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். பீஐஓவின் ஆகக் கீழான நிலை காகிதத்திலேயே 3.3 மெகாபைட்தான் தரும்.

சோதிக்கும் வழி: டிவைஸ் மெனேஜரைத் திறந்து, ஐடிஈ கட்டுப்படுத்திகளின் கீழுள்ள செக்கண்டரி சனலின் பண்புகளில் எடுவான்ஸ்ட் செட்டிங்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். நடப்பு நிலை என்ற இடத்தில் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2 என்றோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பீஐஓ என்று இருந்தால் அந்தச் சனலையே அன்இன்ஸ்டோல் செய்து கணினியை மீளத் தொடக்குங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து மீண்டும் டிஎம்ஏயில் வைக்கும். சில நாட்களில் திரும்பவும் இறங்கினால் மென்பொருளை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். கடற்கரைக்குக் கிட்டிய வீடுகளில் பல ஆண்டுகள் இருந்த கணினிகளைத் திறந்தால் ஐடிஈ இணைப்பியின் ஊசிகள் மங்கிக் கறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊசிகளைச் சுத்தம் செய்து, 80 கம்பிகள் கொண்ட வேறொரு கேபிளைப் போடுங்கள். பழைய பகுதிகள் விற்கும் கடைகளில் இப்போதும் கிடைக்கும்.

இன்னொன்று. எக்ஸ்பியில் நீரோ போன்ற எரிக்கும் மென்பொருள்கள் பல போடப்பட்டு நீக்கப்பட்டிருந்தால், ஒருநாள் ரைட்டர் மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் நின்றுவிடக்கூடும். கோட் 39 அல்லது 41 என்று காட்டும். அந்த மென்பொருள்கள் இறுவட்டு வகுப்புக்கு மேலும் கீழும் தம் வடிகட்டி ட்ரைவர்களைச் செருகிவிட்டுப் போகின்றன. கோப்பு போய்விடும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பெயர் மட்டும் எஞ்சும். அப்பர்ஃபில்டர்ஸ், லோவர்ஃபில்டர்ஸ் என்ற இரு பதிவுகளையும் இறுவட்டு வகுப்பின் கீழ் மட்டும், முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கினால் சரியாகும். ரைட்டரே பழுதென்று சொல்லிப் புதியது வாங்கவைக்கப்பட்டவர்கள் இதனால் எத்தனையோ பேர். எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கடையில் சொன்னதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது. விண்டோஸ் 98இல் எரிக்கும் மென்பொருள் ரைட்டருடன் பேச அடாப்டெக்கின் ஆஸ்பி அடுக்குத் தேவைப்பட்டது. யூஎஸ்பி சேமிப்புச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியாளரின் ட்ரைவரை வட்டிலிருந்து போட வேண்டியுமிருந்தது. விண்டோஸ் 2000இலும் விண்டோஸ் மீயிலும் யூஎஸ்பி சேமிப்புக்கான பொது ட்ரைவர் கூடவே வந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியோடு ஐமாபி என்ற எழுதும் சேவை இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்தது. விஸ்டாவில் அதன் இரண்டாம் பதிப்பு டிவிடியையும் எழுதியது. விண்டோஸ் 10, 11 வரைக்கும் அந்த வழியே தொடர்கிறது. பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் இன்றும் ஒலி இறுவட்டை எழுதித் தரும்.

மின்பொறி (பம்பலப்பிட்டி) எழுதியது:

மூன்றாவது ரைட்டருக்கு ட்ரைவரும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம், மின்சாரம் வேண்டும். யூஎஸ்பி 2 துறை தர ஒப்புக்கொள்வது 500 மில்லிஅம்பியர். வாசிக்கும்போது அதற்குள் அடங்கும் மெல்லிய ரைட்டர், லேசரை எழுதும் வலுவுக்கு உயர்த்தி மோட்டாரையும் வேகமாகச் சுழற்றும்போது அதைத் தாண்டிவிடும். மின்னழுத்தம் சரிந்ததும் யூஎஸ்பியையும் ரைட்டரையும் இணைக்க உள்ளே இருக்கும் பாலச் சில்லு மீளத் தொடங்கும். சாதனம் கழற்றப்பட்டதாகவே இயங்குதளம் நினைக்கும். முன்பக்கத் துறையில் செருகாமல் தாய்ப்பலகையோடு நேரே இருக்கும் பின்பக்கத் துறையில் செருகுங்கள். நீட்டிப்புக் கேபிளும் மின் இணைப்பில்லாத ஹப்பும் வேண்டாம். நீலத் துறை, அதாவது யூஎஸ்பி 3 இருந்தால் 900 மில்லிஅம்பியர் வரை கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் இரண்டு தலைகள் கொண்ட கேபிளை வாங்குங்கள். கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவில் விசாரிக்கலாம்.

ஐடிஈ அல்லது சாட்டா ரைட்டரை யூஎஸ்பி மாற்றியில் போட்டுப் பார்க்கும் எண்ணம் உங்களுக்கு வரக்கூடும். பெரிய மேசைக் கணினி ரைட்டருக்கு 5 வோல்ட்டுடன் 12 வோல்ட்டும் தேவை. மடிக்கணினி வன்தட்டுக்கென்று விற்கப்படும் சிறிய மாற்றிகளில் 12 வோல்ட் கிடையாது. தனி மின்வழங்கி கூட வருகிற மாற்றியாகப் பார்த்து வாங்க வேண்டும். வன்தட்டை மட்டும் மனதில் வைத்துச் செய்த மாற்றிகள் ஏட்டாபி பொதிகளைக் கடத்துவதே இல்லை. ஒளி வட்டுச் சாதனம் வேலை செய்யும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

எக்ஸ்பி கணினியில் யூஎஸ்பி ரைட்டரைப் போடுவதாக இருந்தால் சேர்விஸ் பெக் 1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பா என்று உறுதிசெய்யுங்கள். அதற்கு முன்பு யூஎஸ்பி 2 கட்டுப்படுத்திக்குரிய ட்ரைவர் எக்ஸ்பியில் இல்லை. துறை பழைய 12 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும், நான்கு அல்லது ஆறு மடங்குக்கு மேல் எழுத முடியாது.

ஓலைச்சுவடி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எக்ஸ்பி கணினியில் நடப்பு நிலை பீஐஓ என்றே இருந்தது. சனலை நீக்கி மீளத் தொடக்கியதும் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2க்கு வந்துவிட்டது, சுட்டி தத்துவதும் நின்றது. கேபிளையும் மாற்றவிருக்கிறோம். உபுண்டுவில் அந்த வரியை எடுத்துவிட்டு கே3பியைத் திறந்தபோது சாட்டா ரைட்டர் தானாகவே பட்டியலில் இருந்தது. யூஎஸ்பி ரைட்டர் பின்பக்கத் துறையில் முழு வட்டையும் எழுதி முடித்தது.

இரண்டு கேள்விகள் மீதி. யமஹா ரைட்டரை வைத்திருப்பதில் பயன் உண்டா? மேலும், ஓதல்களில் பதிகம் மாறும் இடங்களில் இரண்டு நொடி மௌனம் விழுகிறது. ஓதுவார் மூச்சு விடாமல் தொடர்ந்து பாடிய இடத்தில் அந்த இடைவெளி மனதை உறுத்துகிறது. அது ரைட்டரைப் பொறுத்ததா, இயங்குதளத்தைப் பொறுத்ததா?

கருனிக்காரன் எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் வேலைக்கு அதுவே முக்கியம். அந்த இடைவெளி, எழுதும் முறையைப் பொறுத்தது. தடம் தடமாக எழுதும் முறையில் ரைட்டர் ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் லேசரை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறது. தடங்களுக்கிடையே இரண்டு நொடி இடைவெளி அதனால்தான் விழுகிறது. வட்டு முழுவதையும் ஒரே ஓட்டமாக எழுதும் டிஸ்க் அட் வன்ஸ் (டிஏஓ) முறையில், எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை முன்கூட்டியே ரைட்டருக்கு அனுப்பப்படுகிறது. லேசர் இடையில் நிற்பதில்லை, இடைவெளியைப் பூச்சியமாகவும் வைக்கலாம். கே3பியின் எழுதும் உரையாடலில் டிஏஓ என்று தெரிவு செய்து, தடங்களின் இடைவெளியைப் பூச்சியமாக்குங்கள். ஒலியில் ஒரு நொடிக்கு 75 பிரிவுகள், ஒவ்வொன்றும் 2,352 பைட். பதிகங்களை வெட்டும்போது அந்தப் பிரிவின் எல்லையில் வெட்டினால் இணைப்பில் சிறு கிளிக் ஓசையும் வராது. ஒலித் தொகுப்பு மென்பொருள்களில் இதற்கென்றே சீடி ஃபிரேம் என்ற அளவுகோல் இருக்கும்.

யமஹாவைப் பற்றி. முதலில் ஒதுக்கிவைத்த கதை இதுதான். எம்எம்சி தரம் வருவதற்கு முன்பு, யமஹா, பிலிப்ஸ், சோனி, டியாக் ஆகியவை தத்தமக்கென்று வெவ்வேறு எழுதும் கட்டளைகளை வைத்திருந்தன. சீடிஆர்100 அந்தத் தலைமுறையைச் சேர்ந்த நான்கு மடங்கு ரைட்டர். இங்கேதான் மாதிரிக்கு மாதிரி ட்ரைவர் என்பது மெய்யாகிறது. ஆனால் அந்த ட்ரைவர் இயங்குதளத்துக்குள் இருப்பதில்லை, எரிக்கும் மென்பொருளுக்குள் இருக்கிறது. சீடிஆர்டிஏஓ என்ற நிரலில் இன்றைய ரைட்டர்களுக்கெல்லாம் ஜெனரிக்-எம்எம்சி என்ற ஒரே ட்ரைவர் போதும். உங்களுடையதற்கோ யமஹா-சீடிஆர்10எக்ஸ் என்ற தனி ட்ரைவர் அதற்குள் இருக்கிறது. சீடிரெக்கோர்டிலும் வோடிமிலும்கூட அப்படியொன்று உண்டு. யாரோ ஒருவர் அந்தச் சாதனத்தை மேசையில் வைத்துக்கொண்டு அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதிய நிரல் இன்றும் களஞ்சியத்தில் கிடைக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை உண்டாகிறது.

இயங்குதளத்தின் பங்கு அடாப்டெக் அட்டையோடு முடிந்துவிடுகிறது. உங்கள் அட்டை 2940 வரிசையைச் சேர்ந்ததென்றால் லினக்ஸின் ஏஐசி7எக்ஸ்எக்ஸ்எக்ஸ் ட்ரைவர் அதை அறியும். ஆனால் அந்த அட்டைக்குப் பழைய பீசிஐ துளை வேண்டும், புதிய தாய்ப்பலகைகளில் அது இல்லை. ஆகவே பென்டியம் 4 கணினியில்தான் போட முடியும். பொருத்தும்போது ரைட்டரின் அடையாள எண் 0 முதல் 6க்குள் வேறெதனோடும் மோதாமல் இருக்க வேண்டும், 7 வழக்கமாக அட்டைக்குரியது. கேபிள் வரிசையின் இரு முனைகளிலும், சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். ஸ்கசியில் சாதனம் சிலவேளை தெரிந்து சிலவேளை மறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெர்மினேட்டரையே.

இவ்வளவு செய்தாலும் அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்துமாறு சொல்ல மாட்டேன். இப்போது கிடைக்கும் வெற்று வட்டுகள் உயர்ந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் பூசியுள்ள சாயத்துக்கு எவ்வளவு லேசர் வலு வேண்டும் என்ற அறிவு 1990களின் ரைட்டரிடம் கிடையாது. எழுதி முடித்ததாகச் சொல்லும், முதியவர் ஒருவரின் பிளேயரில் போட்டால் பாதியில் நின்றுவிடும். தாங்கியில் (எழுதுவதற்கு முன் தரவு தங்கும் நினைவகத்தில்) தரவு தீர்ந்தால் எழுதுவதை நிறுத்தி விட்ட இடத்திலிருந்தே தொடரும் வசதியும் அதற்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் சான்யோவின் பேர்ன்-ப்ரூஃப் வந்த பிறகே அது பரவியது. அரும்பொருளாகப் பாதுகாத்து வையுங்கள்.

வேலைக்கு உபுண்டு கணினியின் சாட்டா ரைட்டரையே வைத்துக்கொள்ளுங்கள், யூஎஸ்பி ரைட்டர் மாற்றாக இருக்கட்டும். 16 மடங்கு போன்ற நடுத்தர வேகத்தில் டிஏஓ முறையில் எழுதி, ஒவ்வொரு தொகுதியிலும் முதல் வட்டை உங்களிடமுள்ள ஆகப் பழைய பிளேயரில் கடைசித் தடம் வரை போட்டுக் கேட்டபின் மற்றவற்றை எழுதுங்கள். விளிம்பை அண்டிய கடைசித் தடங்களில்தான் எழுத்தின் குறை முதலில் வெளிப்படும்.